கவுண்டி பூங்கா ஆலோசனைக் குழு

கவுண்டி பூங்கா ஆலோசனைக் குழு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் கவுண்டி அரசு ஒன்று தன் பூங்காக்களைத் திட்டமிடுவதிலும் மேம்படுத்துவதிலும் உள்ளூர் மக்களின் கருத்தைப் பெறுவதற்காக அமைக்கும் குழு ஆகும். இதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊதியமின்றிப் பணியாற்றும் குடியிருப்பாளர்கள். ஆசிரியர், ஓய்வுபெற்ற பொறியாளர், குதிரை வளர்ப்பவர், மிதிவண்டி ஓட்டுநர், பறவை நோக்குநர் எனப் பல தரப்பினரும் இதில் இடம்பெறுவதுண்டு. சில கவுண்டிகளில் இது குழு என்றும், சிலவற்றில் ஆணையம் என்றும் அழைக்கப்படுகிறது. பெயர் எதுவாயினும் ஆலோசனை கூறுவதே இதன் பணி. நிலம் வாங்கவோ, ஒப்பந்தம் இடவோ, பணம் செலவிடவோ இதற்கு அதிகாரம் இல்லை.

அதிகாரமே இல்லாத ஒரு குழுவால் என்ன பயன் என்ற கேள்வி இயல்பாக எழும். எந்தத் தடத்தில் மிதிவண்டி செல்லலாம், எந்தப் புல்வெளியில் மாடு மேயலாம், அடுத்து எந்த நிலத்தை வாங்க வேண்டும் போன்ற வினாக்கள் பெரும்பாலும் முதன்முதலில் பொதுமக்கள் முன்னிலையில் பேசப்படுவது இக்குழுவின் கூட்டத்தில்தான். இக்கட்டுரை இக்குழுக்கள் உருவான வரலாற்றையும், அவை இயங்கும் முறையையும், கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

கவுண்டியும் அதன் பூங்காக்களும்

கவுண்டி என்பது மாநிலத்திற்கு அடுத்த நிலையிலுள்ள ஆட்சிப் பிரிவு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் கவுண்டிகளும் அவற்றுக்கு இணையான பிரிவுகளுமாக 3,100க்கும் மேல் உள்ளன. இதனைத் தமிழில் மாவட்டம் என்று சிலர் எழுதுவர். ஆனால் நம் மாவட்டத்தை ஆட்சியர் என்னும் அரசு அலுவலர் நிருவகிக்கிறார். பெரும்பாலான கவுண்டிகளை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒன்று ஆள்கிறது. கலிபோர்னியாவில் இதற்கு மேற்பார்வையாளர் அவை என்று பெயர். இவ்வேறுபாடு கருதி இக்கட்டுரையில் கவுண்டி என்ற சொல்லே ஆளப்படுகிறது.

நகராட்சிப் பூங்கா என்றால் ஊஞ்சலும் புல்தரையும் நினைவுக்கு வரும். கவுண்டிப் பூங்காக்கள் பெரும்பாலும் வேறு வகையானவை. நகர எல்லைகளுக்கு வெளியே உள்ள மலைச்சரிவு, நீர்த்தேக்கக் கரை, பழைய பண்ணை நிலம், ஓக் மரக்காடு என அவை விரிந்து கிடக்கும். சாண்டா கிளாரா கவுண்டியின் யோசேப் டி. கிராண்ட் பூங்கா மட்டுமே ஏறத்தாழ 10,000 ஏக்கர் பரப்புடையது. தேசியப் பூங்காக்களின் அளவுக்குப் புகழ் இல்லாத இவ்விடங்களுக்குத்தான் அருகிலுள்ள மக்கள் வார இறுதிதோறும் செல்கின்றனர்.

வரலாறு

நாட்டின் முதல் கவுண்டிப் பூங்கா அமைப்பு நியூ செர்சி மாநிலத்தின் எசெக்சு கவுண்டியில் 1895 இல் தோன்றியது. அதன் புகழ்பெற்ற பூங்காவான நூவர்க் நகரின் பிராஞ்ச் புரூக் பூங்கா இன்றும் உள்ளது. 1927 இல் கரோலின் பாம்பெர்கர் ஃபுல்டு என்ற செல்வச் சீமாட்டி ஏறத்தாழ 2,000 செர்ரி மரங்களை அதற்குக் கொடையாக அளித்தார். தலைநகர் வாசிங்டனின் செர்ரி மரங்களே உலகறிந்தவை என்றாலும், எண்ணிக்கையில் பிராஞ்ச் புரூக் அதனை விஞ்சி நிற்கிறது.

எசெக்சு கவுண்டியில் அமைந்தது ஆலோசனைக் குழு அன்று. அதிகாரம் மிக்க ஆணையம். அதன் உறுப்பினர்களை அரசியல்வாதிகள் நியமிக்கவில்லை, நீதிபதி ஒருவர் நியமித்தார். கட்சிச் சண்டைகளிலிருந்தும் ஒப்பந்த ஊழல்களிலிருந்தும் பூங்காவைக் காப்பதே நோக்கம். ஆணையம் தானே நிலம் வாங்கியது, தானே வேலைக்கு ஆள் அமர்த்தியது. விசுகான்சின் மாநிலத்தின் மில்வாக்கி கவுண்டியும் 1907 இல் இத்தகைய ஆணையம் ஒன்றை அமைத்தது. அதில் நீண்டகாலம் பணியாற்றிய சார்லசு விட்னால், ஆற்றங்கரைகளை வீட்டுமனைகளாக்காமல் பூங்காக்களாக வைத்திருந்தால் வெள்ளச் சேதமும் குறையும் என வாதிட்டார். அந்நகரின் ஆற்றோரப் பூங்காச் சாலைகள் அந்தச் சிந்தனையின் விளைவே ஆகும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. வரிப்பணத்தைச் செலவிடும் ஆணையத்தை வாக்காளர்களால் கேள்வி கேட்க முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவுண்டிகள் பல, நிருவாக அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் ஒருங்குசேர்க்கத் தொடங்கின. எசெக்சு ஆணையம் 1970களின் இறுதியிலும், மில்வாக்கி ஆணையம் 1980களின் தொடக்கத்திலும் கலைக்கப்பட்டுக் கவுண்டி அரசின் துறைகளாக மாறின. இன்று பல கவுண்டிகளில் காணப்படும் ஆலோசனை முறை, இந்த இரு எல்லைகளுக்கு இடைப்பட்ட ஓர் ஏற்பாடு எனலாம்: முடிவெடுப்பவர் தேர்தலில் வென்றவர், ஆனால் அவர் முடிவெடுக்கும் முன் கட்சி சாராத உள்ளூர்வாசிகளின் பரிந்துரையைக் கேட்க வேண்டும். எனினும் இது நாடெங்கும் ஒரே சீராக இல்லை. மேரிலாந்து மாநிலத்தில் 1927 இல் நிறுவப்பட்ட, இரு கவுண்டிகளுக்குப் பொதுவான பூங்கா, திட்டமிடல் ஆணையம் இன்றும் அதிகாரத்துடன் இயங்குகிறது.

நியமனமும் அமைப்பும்

பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை உறுப்பினர்களாக இருப்பர். கவுண்டி அவையின் ஒவ்வோர் உறுப்பினரும் தன் தொகுதியிலிருந்து ஒருவரை முன்மொழிவது பரவலான வழக்கம். சில கவுண்டிகள் குதிரையேற்றம், இயற்கைப் பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிகள் நலன் போன்ற துறைகளுக்கெனத் தனி இடங்களை ஒதுக்குவதும் உண்டு. பதவிக்காலம் பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். பூங்காத் துறையின் அலுவலர் ஒருவர் குழுவின் செயலராக இருந்து நிகழ்ச்சி நிரலையும் கூட்டக் குறிப்பையும் தயாரிப்பார்.

நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பது எழுத்தர் வேலை போலத் தோன்றினாலும், குழுவின் செல்வாக்கு பெரிதும் அதைப் பொறுத்தே உள்ளது. திட்டம் முழுதும் வரையப்பட்ட பின் ஒப்புதலுக்காக மட்டும் குழுவின் முன் வந்தால் எவரும் எதையும் மாற்ற இயலாது. வெற்றுத்தாள் நிலையில் வந்தால் பேச்சு திசையறியாமல் அலையும். இரண்டு மூன்று மாற்று வரைவுகள் இருக்கையில் வருவதே பயனுள்ளது. மென்பொருள் துறையினர் இதை எளிதில் உணர்வர்: வெளியீட்டுக்கு முந்தைய நாள் கேட்கப்படும் கருத்து, மரியாதைக்காகக் கேட்கப்படும் கருத்தே ஆகும்.

திறந்த கூட்டம்

கலிபோர்னியாவில் இக்குழுக்களின் நடைமுறையை வடிவமைத்தது பிரவுன் சட்டம் ஆகும். உள்ளாட்சி அமைப்புகள் மூடிய கதவுகளுக்குப் பின் கூடி முடிவெடுப்பதைப் பற்றி 1952 இல் சான் பிரான்சிசுகோ குரோனிக்கிள் நாளிதழ் தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. அதன் தாக்கத்தால் மாநிலப் பேரவை உறுப்பினர் ரால்பு பிரவுன் கொண்டுவந்த இச்சட்டம் 1953 இல் நிறைவேறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகளுக்கு மட்டுமன்றி, அவை முறைப்படி அமைக்கும் ஆலோசனைக் குழுக்களுக்கும் இது பொருந்தும்.

சட்டத்தின்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்திற்கு முன்பே பொதுமக்கள் காணும் வகையில் வெளியிட வேண்டும். சிறப்புக் கூட்டமாயின் 24 மணி நேரம். நிரலில் இல்லாத பொருளைப் பற்றி, சட்டம் அனுமதிக்கும் சில விதிவிலக்குகள் தவிர, குழு விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. எவரும் கூட்டத்திற்கு வரலாம். வருவதற்குப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. பேச விரும்புவோருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். பேசும் நேரம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடங்களாக வரையறுக்கப்படும்.

இவற்றுள் புதிய உறுப்பினர்கள் அடிக்கடி இடறும் விதி வேறொன்று. ஏழு பேர் கொண்ட குழுவில் நான்கு பேர் சேர்ந்தால் பெரும்பான்மை. அந்த நால்வர் ஒரே அறையில் கூடாவிட்டாலும், ஒருவர் மற்றொருவருக்கு, அவர் அடுத்தவருக்கு என மின்னஞ்சல் வழியாகத் தொடராகப் பேசி ஒரு கருத்தை உருவாக்கினால் அதுவும் சட்டத்திற்குப் புறம்பான கூட்டமே ஆகும். எனவே அலுவலர் அனுப்பிய மடலுக்கு ‘அனைவருக்கும் மறுமொழி’ பொத்தானை அழுத்துவதுகூடச் சிக்கலில் முடியலாம். தொழில்நுட்ப நிறுவனங்களில் பழகியவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் கூட்டத்திற்கு முன்பே எல்லாம் பேசி முடிக்கப்பட்டிருந்தால், அன்று மாலை பேருந்து பிடித்து வந்து மூன்று நிமிடம் பேசும் குடிமகனின் சொல்லுக்கு மதிப்பு ஏது?

குழுவின் உண்மையான வலிமை இத்திறந்த தன்மையில் அடங்கியுள்ளது. கவுண்டி அவை பரிந்துரையைப் புறக்கணிக்கலாம். ஆனால் பரிந்துரை எழுத்தில் உள்ளது. அதற்கான காரணங்களும் வாக்கு விவரமும் கூட்டக் குறிப்பில் உள்ளன. அதற்கு மாறாக முடிவெடுக்கும் அவை உறுப்பினர் ஏன் என்று பொதுவில் விளக்கும் நிலைக்கு ஆளாகிறார். உள்ளூர்ச் செய்தித்தாள் அக்குறிப்பைப் படிக்கும், அடுத்த தேர்தலில் எதிர்த்து நிற்பவரும் படிப்பார்.

பூங்காத் திட்டம் உருவாகும் விதம்

பூங்கா ஒன்றின் நீண்டகாலப் பயன்பாட்டை வரையறுக்கும் ஆவணம் பெருந்திட்டம் எனப்படும். நிலத்தின் மண், நீர், தாவரம், விலங்கு, தொல்பொருள் ஆகியவற்றை ஆய்வு செய்வதில் தொடங்கி, வாகன நிறுத்தம் எங்கே, கழிப்பறை எங்கே, தடங்கள் எவ்வழியே, எந்தப் பகுதியை மனிதர் நடமாட்டமின்றி விட்டுவிடுவது என்பது வரை அது கூறும். துறை அலுவலர்களும் ஆலோசக நிறுவனத்தினரும் வரைய, ஆலோசனைக் குழு பல கட்டங்களில் அதைக் கேட்டுக் கருத்துரைக்கும். கலிபோர்னியாவில் 1970 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி, குறிப்பிடத்தக்க பாதிப்பு நேரக்கூடிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தேவை. வரைவு அறிக்கையின் மீது பொதுமக்கள் எழுத்தில் எழுப்பும் சூழல் தொடர்பான கேள்விகளுக்கு எழுத்திலேயே விடையளிக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் சிறப்பு. இறுதியில் குழுவின் பரிந்துரையுடன் திட்டம் கவுண்டி அவைக்குச் செல்லும்.

எந்தக் கவுண்டியிலும் தவறாமல் எழும் சிக்கல் தடங்களைப் பற்றியது. நடப்பவர், மலை மிதிவண்டி ஓட்டுபவர், குதிரையில் செல்பவர் ஆகிய மூவரும் ஒரே தடத்தைக் கேட்கின்றனர். வளைவில் திடீரெனப் பாய்ந்து வரும் மிதிவண்டியைக் கண்டு குதிரை மிரளும். முதியவர்கள் அந்தத் தடத்திற்கே வராமல் நின்றுவிடுவர். மிதிவண்டியைத் தடை செய்தாலோ, தடத்தைச் செப்பனிட வார இறுதியில் மண்வெட்டியுடன் வரும் இளைஞர்களை இழக்க நேரிடும். இது நீதி பற்றிய சிக்கல் போலத் தோன்றினாலும் அதில் பாதி பொறியியல் சார்ந்தது. மலைச்சரிவில் நேராக இறங்கும் தடம் மழைநீருக்கு வாய்க்காலாகி அரித்துப்போகும். சமவுயரக் கோட்டை ஒட்டி, வெளிப்புறம் சற்றே சாய்வாக, இடையிடையே மெல்லிய ஏற்ற இறக்கங்களுடன் வெட்டப்பட்ட தடத்தில் நீர் ஆங்காங்கே வழிந்துவிடும். மிதிவண்டியின் வேகமும் தானாகவே குறையும். எதிரே வருபவர் தொலைவிலேயே தெரிவார். யாரைத் தடுப்பது என்று தொடங்கிய பேச்சை எப்படி வெட்டுவது என்று திருப்பும் குழு நல்ல குழு. ஒற்றைப்படை நாட்களில் ஒருவருக்கு, இரட்டைப்படை நாட்களில் மற்றவருக்கு என்று முறை வைக்கும் இடங்களும் உண்டு.

மேய்ச்சல் பற்றிய சிக்கல் இதைவிட நுட்பமானது. இயற்கைப் பூங்காவில் மாடுகளுக்கு என்ன வேலை என்று வருகையாளர்கள் முறையிடுவது வழக்கம். சாண்டா கிளாரா கவுண்டியில் பாம்புக்கல் எனப்படும் பாறையால் உண்டான வறிய மண்ணில் வளரும் புல்வெளிகள் உள்ளன. விரிகுடாக் கட்டப்புள்ளி வண்ணத்துப்பூச்சி இப்புல்வெளிகளை நம்பி வாழ்கிறது. 1987 இல் கூட்டாட்சி அரசு இதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. நெடுஞ்சாலை வாகனப் புகையிலிருந்து படியும் நைதரசன் இம்மண்ணுக்கு உரமாகிறது. உடனே அயல்நாட்டுப் புற்கள் செழித்து, வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு உணவாகும் சிறு செடிகளை மூடிவிடுகின்றன. மாடுகள் அப்புல்லை மேய்ந்தால் செடிகள் பிழைக்கின்றன. மேய்ச்சலை நிறுத்திய இடங்களில் பூச்சி மறைந்ததை உயிரியலாளர் இசுடூவர்ட் வைசு 1999 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மாட்டை விரட்டினால் இயற்கை மீளும் என்னும் நல்லெண்ணம் இங்கே பூச்சியைக் கொன்றுவிடும். இதை அறிவியலாளர் மொழியில் சொன்னால் முறையிட்டவர் ஏற்கமாட்டார். அதே ஊரில் வாழும் குழு உறுப்பினர் கேட்டுப் புரிந்துகொண்டு அண்டை வீட்டாருக்குச் சொன்னால் ஏற்கக்கூடும். இவ்வாறு இருபுறமும் எடுத்துச்சொல்லும் பணி எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

சாண்டா கிளாரா கவுண்டி

இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என அறியப்படும் இக்கவுண்டி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிளம், ஆப்ரிகாட் தோட்டங்களால் நிறைந்த பழ விளைநிலம் ஆகும். கவுண்டியின் முதல் பூங்காவான இசுடீவன்சு கிரீக் பூங்காவுக்கு 1924 இல் நிலம் வாங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்னணுத் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகத் தோட்டங்கள் வேகமாக மறைந்தன. ஒருமுறை வீடுகள் எழுந்த இடத்தைப் பின்னர் பூங்காவாக்குவது நடைமுறையில் இயலாத காரியம் என்பதை அப்போதே பலர் உணர்ந்தனர்.

1972 இல் வாக்காளர்கள் கவுண்டியின் சாசனத்தைத் திருத்திப் பூங்காக்களுக்கெனத் தனி நிதியை ஏற்படுத்தினர். இது புதிய வரி அன்று. ஏற்கனவே வசூலாகும் சொத்து வரியில் ஒரு பகுதியைப் பூங்காக்களுக்கு மட்டும் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு. இந்த நிதி நிலையானதும் அன்று. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்காளர்களே அதைப் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொரு முறையும் புதுப்பித்துள்ளனர். 2016 சூன் மாதம் நடந்த வாக்கெடுப்பு, சொத்தின் மதிப்பீட்டில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 1.5 செண்ட் என்ற அளவை உறுதி செய்தது. அதாவது 10 இலட்சம் டாலர் மதிப்பிடப்பட்ட வீட்டின் வரியிலிருந்து 150 டாலர் பூங்காக்களுக்குச் செல்லும். இந்நிதியில் ஒரு பங்கு நிலம் வாங்குவதற்கும், ஒரு பங்கு கட்டுமான மேம்பாட்டுக்கும் எனச் சாசனத்திலேயே ஒதுக்கப்பட்டுள்ளது. அன்றாடப் பராமரிப்பே எல்லாவற்றையும் விழுங்கிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. இன்று கவுண்டியின் பூங்காக்கள் 50,000 ஏக்கருக்கும் மேல் பரந்துள்ளன.

இக்கவுண்டியின் பூங்கா, பொழுதுபோக்கு ஆணையம் பெயரளவில் ஆணையம் எனினும் மேற்பார்வையாளர் அவைக்கு ஆலோசனை கூறும் அமைப்பே ஆகும். நிலக் கொள்முதல், பெருந்திட்டங்கள், பூங்கா விதிகள் முதலியவை அதன் பார்வைக்கு வருகின்றன. கவுண்டி முழுவதற்குமான தடங்களின் பெருந்திட்டம் 1995 இல் ஏற்கப்பட்டது. நகரங்கள் புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி அளிக்கையில், வருங்காலத் தடம் செல்லவேண்டிய ஓடைக்கரையை விட்டுவைக்கக் கேட்பதற்கு இத்தகைய வரைபடம் அடிப்படையாகிறது.

இங்குள்ள பூங்காக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான சிக்கலைத் தருகின்றன. அல்மடேன் குயிக்சில்வர் பூங்கா ஒருகாலத்தில் பாதரசச் சுரங்கம். கலிபோர்னியத் தங்க வேட்டைக்குத் தேவையான பாதரசம் இங்கிருந்தே பெருமளவில் சென்றது. பாதரசக் கழிவு மண்ணிலும் ஓடைகளிலும் தங்கிவிட்டதால், அங்குள்ள நீர்நிலைகளில் பிடிக்கும் மீனை உண்ணக்கூடாது என்ற எச்சரிக்கை நிலவுகிறது. யோசேப் டி. கிராண்ட் பூங்காவின் ஒரு பகுதி 2020 ஆகத்து மாதம் மின்னல்களால் மூண்ட பெருந்தீயில் எரிந்தது. எரிந்த தடங்களைத் திறப்பது எப்போது, புல்லையும் புதரையும் குறைக்க மேய்ச்சல் போதுமா, திட்டமிட்டு எரிக்க வேண்டுமா போன்ற கேள்விகள் அதன்பின் முன்னைவிட அவசரமாயின.

மார்சியல் காட்டில் பூங்கா தனித்துப் பேசத்தக்கது. சான் ஓசே நகரின் தென்பகுதியில், நாற்புறமும் வீடுகளும் சாலைகளும் சூழ, 287 ஏக்கர் உழவு நிலம் ஒன்று எஞ்சியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த அந்நிலத்தை, கட்டுமான நிறுவனங்களின் அழைப்புகளை மறுத்து, வால்ட்டர் காட்டில் லெஸ்டர் என்ற முதியவர் பொதுமக்களுக்கென மாநிலத்திடமும் கவுண்டியிடமும் ஒப்படைத்தார். தம் பாட்டனார் பெயரை வைக்க வேண்டும், நிலத்தில் என்றென்றும் வேளாண்மை நடக்க வேண்டும், விளையாட்டுத் திடல்கள் போன்ற தீவிரப் பயன்பாடு கூடாது என்பன நிபந்தனைகள். பூங்கா 2014 இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவர் காலமாகிவிட்டார்.

திட்டமிடுவோருக்கு இங்கே எழுந்த கேள்வி எளிதன்று. நிலத்தைச் சுற்றிலும் பல்லாயிரம் குடும்பங்கள். கால்பந்துத் திடலுக்கும் சிறுவர் விளையாட்டு இடத்திற்கும் தேவை உண்டு. வேலிக்கு உட்புறம் உழும் உழவரும் வெளிப்புறம் நடக்கும் மக்களும் புழுதி, பூச்சிமருந்து, நீர் ஆகியவற்றில் முரண்படக்கூடும். கூட்டத்திற்கு வந்து பேசுவோர் எத்தனை பேராயினும், இறந்தவர் வந்து பேசமுடியாது. எழுதப்பட்ட நிபந்தனையே அவருடைய குரல். இன்று அங்கே குத்தகை உழவர்கள் பயிரிடுகின்றனர், ஓரத்தைச் சுற்றி நடைதடம் செல்கிறது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் வளரும் பிள்ளை மண்ணில் காய்கறி விளைவதைக் காண ஓர் இடம் உண்டு. நமது ஊர்ப்பகுதிகளில் ஏரி நிலங்களும் மேய்ச்சல் புறம்போக்குகளும் என்னவாயின என்பதை அறிந்தவர்கள் அந்த வேலியருகே சற்று நேரம் நிற்கத் தோன்றும்.

நிலத்தைக் காக்கும் சட்டங்கள்

ஆலோசனைக் குழுவின் சொல் மட்டுமே பூங்காவுக்குக் காப்பு அன்று. 1965 இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி நில, நீர்ப் பாதுகாப்பு நிதியின் உதவியைப் பெற்ற பூங்காவை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமாயின், கூட்டாட்சி அரசின் ஒப்புதலும், சம மதிப்புள்ள மாற்று நிலமும் தேவை. கடலடி எண்ணெய், எரிவளிக் குத்தகை வருவாயிலிருந்து வரும் இந்நிதிக்கு ஆண்டுக்கு 90 கோடி டாலர் நிலையாகக் கிடைக்க 2020 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. கலிபோர்னியாவின் 1971 ஆம் ஆண்டுச் சட்டமும், பொது அமைப்பு ஒன்று பூங்கா நிலத்தை எடுத்துக்கொண்டால் ஈடான நிலமோ பணமோ தரவேண்டும் என்கிறது. ஆனால் சட்டம் தானாக எழுந்து வந்து தடுப்பதில்லை. இந்த நிலம் அந்த நிதியால் வாங்கப்பட்டதாயிற்றே என்று பழைய குறிப்பைப் புரட்டிக் கூட்டத்தில் கேட்க ஒருவர் வேண்டும். நீண்டகால உறுப்பினர்களின் நினைவாற்றல் இங்கேதான் பயன்படுகிறது.

விமர்சனங்கள்

சமூகப் பங்கேற்பை ஆராய்ந்த செர்ரி ஆர்ன்சுடைன் 1969 இல் வெளியிட்ட கட்டுரையில், குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக உருவகித்தார். கலந்தாலோசித்தல் அதில் நான்காம் படி. குழுவில் இடமளித்து முடிவெடுக்கும் உரிமையைத் தராதிருத்தல் ஐந்தாம் படி. இரண்டையும் அவர் பெயரளவுப் பங்கேற்பு என்றே வகைப்படுத்தினார். ஆலோசனைக் குழுக்கள் பலவற்றுக்கு இந்த விமர்சனம் பொருந்தும்.

மற்றொரு குறை, யார் வருகிறார் என்பது. வார நாள் மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர், ஆங்கிலத்தில் மேடையேறிப் பேசத் தயங்காதவர், சங்கமாகத் திரண்டவர் ஆகியோரின் குரலே மிகுதியாக ஒலிக்கும். இரண்டு வேலை பார்ப்பவரும், ஞாயிற்றுக்கிழமை பெருங்குடும்பத்துடன் வந்து அடுப்புமேடை பிடிப்பவரும் கூட்டத்தில் தென்படமாட்டார். பூங்காவை அதிகம் பயன்படுத்துவோரும் பூங்காவைப் பற்றி அதிகம் பேசுவோரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். இதை ஈடுசெய்யச் சில துறைகள் பூங்காவிலேயே மேசை போட்டுக் கருத்துக் கேட்கின்றன. பல மொழிகளில் வினாத்தாள் தருகின்றன.

புலம்பெயர்ந்தோர் வரவால் பூங்காவின் தேவைகளும் மாறுகின்றன. வாசிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டிக்குச் சொந்தமான, ரெட்மண்ட் நகரிலுள்ள 640 ஏக்கர் மேரிமூர் பூங்காவில் இன்று கிரிக்கெட் ஆடுகளம் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் அந்நகரில் இருப்பதையும், இந்தியப் பொறியாளர்கள் அங்கு மிகுதியாக வாழ்வதையும் அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

பங்கேற்பு

சாண்டா கிளாரா கவுண்டியில் வாழும் தமிழர்களுள் பலர் வாசோனா ஏரிப் பூங்காவில் நண்பர் கூட்டங்கள் நடத்துவர். மில்பிட்டாசு நகரை அடுத்த எட் லெவின் பூங்காவின் குன்றில் ஏறுவர். ஆனால் பணி நுழைவிசைவில் உள்ளவர் குடிமகன் அல்லர், ஆதலால் இத்தகைய அமைப்புகளில் தமக்கு இடமில்லை என்று கருதுவோர் உண்டு. கூட்டத்தில் பேச என்றுமே குடியுரிமை தேவைப்பட்டதில்லை. உறுப்பினராவது குறித்தும் கலிபோர்னியாவில் 2019 இல் நிறைவேறிய சட்டம் ஒன்று தெளிவளித்துள்ளது: 18 வயது நிறைந்த, அம்மாநிலத்தில் வசிக்கும் எவரும், குடியுரிமை நிலை எதுவாயினும், நியமனப் பதவிகளுக்குத் தகுதியுடையவர். தேர்தலில் வாக்களிக்க இயலாத ஒருவர், தன் பிள்ளைகள் விளையாடும் பூங்காவின் திட்டத்தின் மீது குழுவில் வாக்களிக்க முடியும்.

கலிபோர்னியச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும், அடுத்த ஆண்டில் பதவிக்காலம் முடியவுள்ள நியமன இடங்களின் பட்டியலை ஆண்டுதோறும் திசம்பர் 31க்குள் தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். விண்ணப்பப் படிவம் பொதுவாக அவையின் எழுத்தர் அலுவலகத்தில் கிடைக்கும்.